தோற்றுப் பார்த்த அக்கா

எங்கள் வீட்டில் இல்லாத ஒரு பெண்ணின் குரல் எங்கள் வீட்டில் தினமும் கேட்கிறது.

என் மகள் யாழினி பழைய டெப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். திரையில் மூன்று படங்கள் வரும். கூடை, நாய், ரொட்டி. "நாய் எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க பாப்போம்" என்று குரல் கேட்கும். யாழினிக்கு நாய் எது என்று நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு நாயைக் கண்டால் பாதி ரொட்டியை அதற்குக் கொடுத்துவிடுகிறவள் அவள். ஆனால் திரையில் கூடையைத்தான் தொடுவாள். உடனே அந்தக் குரல் தணியும். யாரோ பக்கத்தில் வந்து குனிந்து பேசுவதுபோல இருக்கும்.

"பரவாயில்ல தங்கம். நான் இங்கதான் இருக்கேன்."

யாழினி டெப்லட்டைத் தூக்கிக் காதோடு ஒட்டிக்கொள்வாள். குரல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பாள். பிறகு இறக்கி வைத்து, மறுபடியும் கூடையைத் தொடுவாள்.

அவளுக்கு மூன்றரை வயது. இன்னும் பேசவில்லை. இன்று காலைவரை என்னை அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இதை எழுதும்போதே, இப்படி எழுதலாமா, அவள் பெரியவளாகி வாசித்தால் என்ன நினைப்பாள் என்று யோசிக்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

யாழினி பிறப்பதற்கு முன், பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலைக்குக் கீழே தகரக் கூரை போட்ட பிள்ளைமடுவம். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்தான் அந்த அக்கா. அங்கே வேலை செய்கிறவர்களை எல்லாரும் ஆயம்மா என்றுதான் அழைப்பது. அவரிடம் மட்டும் அது நடக்காது. பிள்ளைகளுக்கு அவர் மிஸ், பெரியவர்களுக்கு அக்கா.

"ஆயம்மான்னு கூப்புட்டா எனக்குக் காது கேக்காது டீச்சர்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

அரபு நாட்டில் ஒரு வீட்டில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். பிள்ளைமடுவத்தில் பால்மாவும் ஈரத்துணியும் கலந்த வாசனைக்கு நடுவில் அவருடைய அத்தர் வாசனை தனியாக நிற்கும். எது முடிந்தாலும் "ஹலாஸ்" என்பார். சாப்பாடு முடிந்தால் ஹலாஸ். அழுகை நின்றால் ஹலாஸ். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் ஒரு தாய் வந்து சண்டை பிடித்தாள்.

"எம் புள்ள வீட்ல சோத்த தின்னுட்டு ஹலாஸ்ங்குது. நாங்க என்னா துபாயிலயா இருக்கோம்?"

"இப்பவே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே. பெரிசானதும் போற எடத்துல ஒதவும்" என்றார் அக்கா. அந்தத் தாய் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வருடம் ஓர் உதவி நிறுவனம் பிள்ளைமடுவத்துக்குச் சில டெப்லட்களைக் கொடுத்தது. பதுளையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள் என்பதால், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற கேம்களைத் தேர்ந்து போட்டுக்கொடுக்கும்படி தோட்டத்து நலன்புரி அதிகாரி என்னிடம் கேட்டார். நான் அதைப் பரீட்சைபோல எடுத்துக்கொண்டேன். எந்த வயதுக்கு என்று பார்த்தேன். நடுவில் விளம்பரம் வருகிறதா, காசு கட்டச் சொல்கிறதா என்று பார்த்தேன். கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் இடம் அது. அதனால் இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்று பார்த்தேன். கண்ணுக்குக் கூசாத நிறங்களா என்றுகூடப் பார்த்தேன். எல்லாம் சரியென்று தோன்றியவற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், இதுல தோத்தா என்னா ஆகும்?"

"தோக்குறதெல்லாம் இல்லக்கா. இது எண் படிக்கிறது. தப்பாத் தொட்டா திருப்பித் தொடச் சொல்லும்."

"எப்புடிச் சொல்லும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் எல்லாவற்றிலும் சரியான விடையையே தொட்டுப் பார்த்திருந்தேன்.

அக்கா பிள்ளைகளின் சின்னப் பிளாஸ்டிக் கதிரையில், முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்தார். ஐந்து எங்கே என்று கேட்டது. மூன்றைத் தொட்டார். 'பர்ர்' என்று ஒரு சத்தம். திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. மேலே இருந்த சூரியன் முகத்தைச் சுளித்தது. மறுபடி மூன்றைத் தொட்டார். மறுபடி பர்ர். விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. எதையோ சாப்பிட்டுப் பார்த்து, கெட்டுப்போயிருக்கிறதா என்று தீர்மானிக்கிறவர்போல இருந்தார்.

"காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் பிந்திப் போனா கங்காணி நாலு பேருக்கு முன்னுக்கு நிக்க வச்சுக் கத்துவான்ல, அதே மாதிரி இருக்கு. பெரட்டுக்குப் போற வயசு வந்ததும் கேட்டுக்கட்டும். இப்ப வேணாம். ஹலாஸ்."

அழித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கேமும் அவர் தோற்றுப் பார்க்காமல் பிள்ளைகளிடம் போகவில்லை. நான் கொண்டுபோனவற்றில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயின. சில நல்லவையும் போயின என்று இன்றும் நினைக்கிறேன். தமிழ் எழுத்துகளை விரலால் எழுதிப் பழகும் ஒன்று இருந்தது. பிழையாக எழுதினால் ஒரு ஆண் குரல் அமைதியாக "மீண்டும் முயற்சி செய்" என்று சொல்லும். அவ்வளவுதான். அதையும் அழித்தார்.

"யாரு இந்த ஆளு? புள்ளைக்கு என்னா ஒறவு?"

"அக்கா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டா புள்ளைங்க எதுல எழுதிப் பழகும்?"

"மண்ணுல எழுதட்டும்."

"அப்ப டெப் எதுக்கு?"

"அதத்தானே டீச்சர் நானும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பால் கரைக்கப் போய்விட்டார். அன்று எனக்குச் சரியான கோபம். பஸ்ஸில் வீடு வரும்வரை மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டு வந்தேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பிள்ளையிடம் டெப்லட்டைக் கொடுத்த பிறகு திரையை அவர் பார்க்கமாட்டார். அந்தப் பக்கமாகப் போய்க் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். திரையின் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறும். அந்த வெளிச்சத்தில் இவர் எதையோ தேடுவார். பஸ்ஸிலிருந்து தன்னுடைய ஆள் இறங்குகிறாரா என்று கடைசி ஆள் வரை பார்த்து நிற்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அவருடைய முகம். பார்க்க எனக்கு ஒருமாதிரி இருக்கும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏன் அப்படிப் பார்த்தார் என்பது பூனைக்குட்டி கேம் வந்த பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கேம் அது. ஒரு பூனைக்குட்டி; அதற்குப் பால் கொடுக்கலாம், குளிக்க வைக்கலாம், தூங்க வைக்கலாம். தோற்க அதில் ஒன்றுமே இல்லை. அக்காவால்கூடத் தோற்க முடியவில்லை. அதனால் தப்பியது என்று நினைத்தேன். சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை திறந்தபோது பூனைக்குட்டி மெலிந்து, கண்ணில் நீரோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. 'எங்கே போனாய்? நான் உனக்காகக் காத்திருந்தேன்' என்று எழுத்து வந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அது அழுவது தெரிந்தது. ஒரு பெண்பிள்ளை அழத் தொடங்க, எல்லாம் சேர்ந்து அழுதன.

அக்கா டெப்லட்டைப் பிடுங்கினார்.

"அம்மாவ வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்குதுங்க பாதிப் புள்ளைங்க. அதுங்ககிட்டப் போயி, நீ ஏன் என்னய விட்டுட்டுப் போனேன்னு பூனக்குட்டி அழுவுது. எவன் டீச்சர் இதச் செஞ்சவன்? அவனுக்குப் புள்ள இல்லியா?"

பிள்ளைகள் தூங்கிய பிறகு, பிளேன் டீ ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவராகவே சொன்னார்.

அவருடைய மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வெளிநாடு போனார். முதல் முறை வீட்டுக்குச் சாமான் அனுப்பியபோது மகளுக்கு ஒரு டெப்லட்டும் அனுப்பினார். பிள்ளை அழாமல் இருக்கிறாள், ஆங்கிலம்கூடப் பேசுகிறாள் என்று போனில் சொன்னார்கள். இவருக்குச் சந்தோசம். திரும்பி வந்த நாள், லயத்து வீட்டு வாசலில் நின்ற மகளை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். மகள் மரம்போல நின்றாள். பிறகு தெளிவாக "ட்ரை அகெய்ன்" என்றாள்.

"நான் சிரிச்சிட்டேன் டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க. சோறு போட்டுக் குடுத்தேன், 'குட் ஜாப்'ங்குறா. தல வாரி விட்டேன், 'வெல் டன்'ங்குறா. ஒரு கெழம சிரிச்சிக்கிட்டே இருந்தோம். அப்புறந்தான் பாத்தேன், அவகிட்ட வேற பேச்சே இல்ல. எங்கிட்டப் பேச அவகிட்ட இருந்தது அவ்வளவுதான்."

இப்போது அந்தப் பிள்ளை தமிழில் பேசுகிறாள், பாடசாலைக்குப் போகிறாள், ஆனால் அம்மா என்று மட்டும் கூப்பிடுவதில்லை என்றார். கூப்பிடாமலேயே பேச்சைத் தொடங்குவாளாம். 'சாவி எங்க', 'பசிக்கிது', இப்படி.

"தவறியாச்சும் ஒரு தடவ வாயில வந்துராதான்னு பாக்குறேன். வருதில்ல."

அந்த மகளை நான் தினமும் கண்டிருக்கிறேன். பள்ளி விட்டதும் வந்து பிள்ளைமடுவத்துப் படியில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருப்பாள். உள்ளே வரமாட்டாள். வேலை முடிந்து அக்கா வெளியே வந்ததும் எழுந்து, நாலடி பின்னால் நடந்து போவாள்.

அதற்குப் பிறகுதான் நான் வேறுமாதிரித் தேடினேன். நாமே படம் எடுத்துப் போட்டு, நம் குரலையே பதிந்து வைக்கக்கூடிய இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. அக்காவுக்குப் பிடித்துவிட்டது. தோட்டத்தைச் சுற்றிப் படம் எடுத்தோம். கொழுந்து, கூடை, மண்வெட்டி, தண்ணீர் பிடிக்கிற பீலி, ரொட்டி, நாய். ஒவ்வொன்றுக்கும் அக்காவின் குரல். நல்ல குரல், பேசும்போது இருக்கிற கரகரப்பு பதியும்போது இருக்காது. தகரக் கூரையில் மழை பெய்தால் ஒன்றும் கேட்காது என்பதால், பிள்ளைகளின் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதற்குள் டெப்லட்டோடு உட்கார்ந்து பேசுவார். வெளியிலிருந்து பார்த்தால் தரையில் ஒரு கம்பளிக் குவியல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

பிழையாகத் தொட்டால் என்ன சொல்வது என்பதைக் கடைசியாக வைத்திருந்தார். அன்று பின்னேரம் நல்ல மழை. பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "நீங்க போங்க டீச்சர், பஸ் போயிரும். இத நான் தனியாச் செஞ்சிக்கிறேன்" என்றார். நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன். படியில் மகள் மட்டும், கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அந்த வரியைப் போட்டுக் காட்டினார். "பரவாயில்ல தங்கம். நான் இங்கதான் இருக்கேன்." டெப்லட்டின் ஸ்பீக்கர் சின்னது, பிள்ளைகளின் இரைச்சல் வேறு. ஆனாலும் அந்த வரி மட்டும் தெளிவாகக் கேட்டது. சரியாகத் தொட்டால் கைதட்டும் சத்தம் வரும். மென்பொருளில் இருந்த கைதட்டல். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

சில மாதம் கழித்துப் பதுளையிலிருந்து மேலதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். ஒரு பெண்பிள்ளையை உட்கார வைத்தார்கள். கொழுந்து எங்கே என்று குரல் கேட்டது. பிள்ளை மண்வெட்டியைத் தொட்டாள். மறுபடி மண்வெட்டி. இன்னொரு பிள்ளையை உட்கார வைத்தார்கள். அதுவும் பிழை. எல்லாப் பிள்ளையும் பிழை.

"இவ்வளவு நாளா என்னம்மா படிச்சுக் குடுத்தீங்க?" என்றார் அதிகாரி.

அக்கா வழக்கம்போல அந்தப் பக்கம் குந்தியிருந்து பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, தெரியாமத் தொடல. தெரிஞ்சேதான் தொடுறாங்க" என்றார் மெதுவாக. பிறகு அந்த முதல் பிள்ளையைக் கேட்டார்.

"கண்ணு, கொழுந்து எங்க இருக்கு?"

பிள்ளை கதவுக்கு வெளியே மலையைக் காட்டியது. அதிகாரி சிரித்தார்.

"அப்ப ஏன் இதுல மண்வெட்டியத் தொட்ட?" என்று கேட்டார் அக்கா.

"அதத் தொட்டாத்தானே மிஸ் நீங்க பேசுவீங்க."

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான் என்று நானும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சரியான விடைக்கு ஒரு கைதட்டலும், பிழையான விடைக்கு ஒரு தாயும் கிடைத்தால், எந்தப் பிள்ளை சரியான விடையைத் தொடும்?

"தோத்தா என்னா ஆகும்னு மட்டும் பாத்தேன் டீச்சர். ஜெயிச்சா என்னா கெடைக்கும்னு பாக்காம விட்டுட்டேன்" என்றார் அக்கா.

மறுநாள் எல்லா டெப்லட்டிலும் அந்த வரியை அழித்தார். பிள்ளைகள் மண்வெட்டியைத் தொட்டார்கள். சத்தம் இல்லை. திருப்பித் திருப்பித் தொட்டார்கள். ஒரு பிள்ளை டெப்லட்டை உதறிப் பார்த்தது. அக்கா ஒவ்வொரு பிள்ளையாகப் போய், பக்கத்தில் குனிந்து, "நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்" என்று வாயாலேயே சொன்னார். பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை. டெப்லட்டைத்தான் பார்த்தார்கள். பின்னேரம் ஆகும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அதற்கு அடுத்த வருடம், சாமான் விலையெல்லாம் தலைக்கு மேல் ஏறிய காலத்தில், அவர் மறுபடி வெளிநாடு போனார். போகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை போனபோது கம்பளிகளை வேறொருவர் மடித்துக்கொண்டிருந்தார். மகளை அப்புத்தளைப் பக்கம் அத்தை வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். படியில் யாரும் இல்லை. பிள்ளைகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு "ஹலாஸ்" என்றார்கள்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, மாற்றம் கிடைத்து, பதுளைக்கு வந்துவிட்டேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒரு முறை வருவார். யாழினி பிறந்தாள். இரண்டு வயதிலும் பேச்சு வராதபோது, "ஆம்பளப் புள்ளைங்கதான் பிந்திப் பேசும்பாங்க, இவளும் தன் பாட்டுக்குப் பேசிருவா" என்று அம்மா சொன்னார். மூன்று வயதில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். காது நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். போன், டெப்லட் எல்லாவற்றையும் குறையுங்கள், பிள்ளையோடு நிறையப் பேசுங்கள் என்றார்.

அதுவரை யாழினிக்கு எத்தனையோ கேம் போட்டுக் கொடுத்திருந்தேன். பேச்சு வர உதவும் என்று எழுதியிருந்தவை, வயதுக்கு ஏற்றவை, நிறைய நட்சத்திரம் வாங்கியவை. அன்று வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து தோற்றுப் பார்த்தேன். ஒன்று, தோற்றவுடன் விளம்பரம் பார்த்தால் இன்னொரு வாய்ப்புத் தருகிறேன் என்றது. ஒன்றில் ஒரு குழந்தை முகம் உதட்டைப் பிதுக்கி அழுதது. ஒன்று ஒன்றுமே சொல்லாமல் தானே சரியான விடையைத் தொட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனது. பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் அழித்தேன். அழித்த பிறகு, இரண்டொன்றை அவசரப்பட்டு அழித்துவிட்டேனோ என்று நினைத்தேன். கணவருக்குப் போன் பண்ணினேன்.

"அழிச்சது நல்லது. நீ அவளோட பேசு" என்றார்.

"பேசிக்கிட்டுத்தாங்க இருக்கேன். ரேடியோ மாதிரி நாள் முழுக்கப் பேசுறேன். எனக்கே என் குரல் வெறுத்துப்போச்சு."

அப்போதுதான் அலமாரியில் இருந்த என் பழைய டெப்லட் நினைவு வந்தது. பிள்ளைமடுவத்துக்குப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் அதில்தான் போட்டுப் பார்ப்பேன்; அக்கா குரல் பதிந்ததும் அதில்தான். சார்ஜ் ஏற்றித் திறந்தேன். கூடை, நாய், ரொட்டி. எங்கள் தமிழ். அக்கா அழிக்காத அந்த வரியும் அதில் இருந்தது. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம், நானும் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை என்று கொடுத்தேன். அதுதான் முதலில் சொன்னது. ஒரே வாரத்தில் யாழினியும் கூடையைத் தொடத் தொடங்கிவிட்டாள்.

போன மாதம் ஒரு பின்னேரம் நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பனி இறங்கி, ஜன்னல் வெள்ளையாக இருந்தது. முன்னறையில் அந்தக் குரல் கேட்டது. "பரவாயில்ல தங்கம். நான் இங்கதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு, சின்னதாக, கேள்வி கேட்பதுபோல இன்னொரு குரல்.

"அம்மா?"

கையில் மாவோடு ஓடினேன். யாழினி டெப்லட்டைக் காதிலிருந்து எடுத்து, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "அம்மா?"

மூன்றரை வருடம் நான் காத்திருந்த சொல். அதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கோ ஒரு நாட்டில், யாருடைய வீட்டையோ துடைத்துக்கொண்டிருக்கிற ஒருவரின் குரலைப் பார்த்துச் சொன்னாள். சந்தோசப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரொட்டி கருகும் வாசனை வந்தது. 'ட்ரை அகெய்ன்' என்று சொன்ன அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது.

அவள் தூங்கியதும் கேமை அழித்துவிடலாம் என்று டெப்லட்டை எடுத்தேன். அழிப்பதற்கு முன் தோற்றுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கேமை மட்டும் நான் தோற்றுப் பார்த்ததே இல்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டுக் கூடையைத் தொட்டேன்.

முதலில் மழை. கம்பளி உரசும் சத்தம். மூச்சு. "பரவாயில்ல தங்கம். நான் இங்கதான் இருக்கேன்." பிறகு மறுபடி மழை மட்டும். அந்த மழைக்கு அப்பால், வெகு தூரத்தில், படிப்பக்கமாக ஒரு சிறுமியின் குரல்.

"அம்மா?"

அதோடு பதிவு வெட்டுப்பட்டது.

எத்தனை தடவை கூடையைத் தொட்டேனோ தெரியாது. சந்தேகமில்லை. அன்று அங்கே வேறு பிள்ளை யாரும் இல்லை. யாழினி டெப்லட்டைக் காதில் வைத்துக்கொண்டு இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் குரலைத்தான். அவள் யாரையும் அம்மா என்று கூப்பிடவில்லை. இன்னொரு பிள்ளை கூப்பிட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிள்ளைமடுவத்துப் பிள்ளைகளும் இதைக் கேட்டிருப்பார்களோ? அதற்காகத்தான் மண்வெட்டியைத் தொட்டார்களோ? தெரியவில்லை. கம்பளிக்குள் இருந்த ஒருவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

பழைய ஆட்களிடம் விசாரித்து அக்காவின் நம்பரை வாங்கினேன். சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இவ்வளவு தூரத்தில் இருக்கிறவரிடம் இதைச் சொல்வது நல்லதா? சொல்லாமல் வைத்திருக்க எனக்கு என்ன உரிமை? கடைசியில் அந்தப் பதிவையே அனுப்பினேன். 'இயர்போன் போட்டு, கடைசி வரைக்கும் கேளுங்கக்கா' என்று மட்டும் எழுதினேன். நாள்கணக்கில் ஒற்றை டிக் நின்றது. வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமைதான் போன் கொடுப்பார்கள் என்று நம்பர் தந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

பதில் இன்று காலையில் வந்தது. குரல் செய்தி. பின்னால் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம். கரகரப்பு அப்படியே இருந்தது.

"டீச்சர்... இது அவதான். அவ கொரலு எனக்குத் தெரியாதா?" வெகுநேரம் மெஷின் மட்டும் ஓடியது. "நான் கம்பளிக்குள்ள இருந்தேன் டீச்சர். மழ வேற. அன்னிக்கி அவளோட எப்பிடி வீட்டுக்குப் போனேன்னுகூட ஞாபகம் இல்ல." மறுபடி மெஷின். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"அவ கூப்புட்டதுக்கு நான் என்னா சொன்னேன் டீச்சர்? உங்ககிட்ட அது இருக்கா?"

என்னிடம் அது இல்லை. பதிவு அங்கேயே முடிந்துவிடுகிறது. 'என்னடா தங்கம்னு சொன்னீங்க' என்று எழுதினேன். அழித்தேன். 'மழையில ஒன்னும் கேக்கல' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். உண்மையும் முடியவில்லை, பொய்யும் முடியவில்லை. என் விரல் திரையின் மேல் நின்றுகொண்டிருந்தது. நான் எழுதுவதும் அழிப்பதும் அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

"அம்மா?"

யாழினி ஜன்னலோரத்தில் இருந்தாள். டெப்லட் மேசையில், சார்ஜில் கிடந்தது. அதே தூரத்துக் குரல், அதே கேள்வி. ஆனால் இந்த முறை அவள் என் முதுகைப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் அவளுக்குப் பதில் சொன்னேன்.